232 வாக்குகள் எங்கே போயின?

பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கிக்கு அருகில் கார்க்கிலா, கௌனியாய்னென், விஃதி என்ற மூன்று சிறிய நகராட்சிகள் உள்ளன. உலகப் படத்தில் இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆனால் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் முடிவுற்ற உள்ளாட்சித் தேர்தல் இந்த மூன்று ஊர்களின் பெயரையும் உலகறியச் செய்துவிட்டது. கள்ள வாக்கோ, பெட்டிக் கடத்தலோ இந்தக் கதையில் இல்லை. முகமூடி அணிந்த கயவர்கள் எவரும் இதில் வரவில்லை. ஆயினும் 232 பேருடைய வாக்குகள் காணாமற் போயின.

அவர்கள் சாவடிக்கு வந்தார்கள். தம் அடையாளத்தைக் காட்டினார்கள். இயந்திரத்தின் முன் நின்றார்கள். கடமை முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் எண்ணிக்கையில் அவர்கள் வாக்கு இல்லை. இது எப்படி நேர்ந்தது? இதனால் நாம் அறிய வேண்டியது என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணை எழுதும் முறை

பின்லாந்தில் வழக்கமான வாக்களிப்பு மிக எளிமையானது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் எண் உண்டு. இந்த எண்கள் 2-இலிருந்து தொடங்கும். வாக்காளர் மடித்த சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மறைவிடத்துக்குச் செல்வார். தாம் விரும்பும் வேட்பாளரின் எண்ணைப் பென்சிலால் அதில் எழுதுவார். அலுவலர் அந்தச் சீட்டின் வெளிப்புறத்தில் முத்திரை இடுவார். பிறகு சீட்டு பெட்டிக்குள் போகும். மாலையில் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ணுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதை அருகிலிருந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இந்த முறைக்குப் பதிலாக மின்னணு முறையைக் கொண்டுவரலாமா என்று சோதித்துப் பார்க்கவே மூன்று நகராட்சிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. விரும்பியவர் இயந்திரத்தில் வாக்களிக்கலாம்; மற்றவர் பழையபடி சீட்டில் எழுதலாம்.

இயந்திரத்தில் வாக்களிப்பவருக்குச் சில்லு பதித்த அட்டை ஒன்று தரப்பட்டது. அதை இயந்திரத்தில் செருக வேண்டும். வேட்பாளரின் எண்ணை அழுத்தி, 'சரி' என்ற பொத்தானைத் தொட வேண்டும். உடனே அந்த வேட்பாளரின் விவரம் திரையில் தோன்றும். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இரண்டாம் முறையும் 'சரி' என்பதைத் தொட வேண்டும். அதன் பிறகே அட்டையை வெளியே எடுக்க வேண்டும்.

தவறு நிகழ்ந்தது இந்த இரண்டாவது 'சரி'யில்தான். சிலர் முதல் முறை தொட்டதும், திரையில் வேட்பாளரின் விவரத்தைக் கண்டதும், வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி அட்டையை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். இயந்திரமோ, வாக்காளர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வாக்கைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டது. வாக்கு பதிவாகவில்லை என்பதை அவருக்குத் தெளிவாக உணர்த்தவும் தவறியது.

இப்படி இழந்தவை இயந்திரத்தில் வாக்களிக்க முற்பட்டவர்களின் வாக்குகளில் சுமார் 2 சதவீதம். இது சிறு அளவு என்று தோன்றலாம். ஆனால் நகராட்சித் தேர்தலின் இயல்பை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் வார்டு தேர்தலில் எத்தனை பேர் ஐந்து வாக்கிலும் பத்து வாக்கிலும் வெல்கிறார்கள், தோற்கிறார்கள்! உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வாக்கின் எடையும் மிகுதி. அங்கே 2 சதவீதம் என்பது பெரிய அளவாகும்.

வங்கிக் கணக்கும் வாக்கும்

இங்கு ஒரு கேள்வி எழலாம். வங்கிகளில் கோடிக்கணக்கான ரூபாய் கணிப்பொறி வழியாகவே கைமாறுகிறது. அங்கே தவறு நேர்ந்தால் கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறார்கள். வாக்கில் மட்டும் ஏன் இயலவில்லை?

இக்கேள்விக்கான விடையில்தான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் அடங்கியுள்ளது. வங்கியில் ஒவ்வொரு வரவும் செலவும் ஒரு பெயரோடு கட்டப்பட்டவை. நம் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் நாமே கண்டுபிடித்துவிடுவோம். வங்கியின் ஏட்டையும் நம் கைப்புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பிழை எங்கே என்று காட்டிவிடலாம்.

வாக்கோ இரகசியமானது. வாக்களித்தவர் யார் என்பதும், யாருக்கு வாக்களித்தார் என்பதும் ஒன்றோடொன்று சேராதபடி அறுத்துவிட வேண்டும். இல்லையேல் பணம் கொடுத்தவன், "எனக்குப் போட்டதைக் காட்டு" என்பான். முதலாளி தொழிலாளியை மிரட்டுவான். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரசீது கொடுத்து வீட்டுக்கு அனுப்ப இயலாது. பெயரை அறுத்துவிட்ட பிறகு, வாக்கு சரியாகப் பதிவானதா என்று வாக்காளர் எதை வைத்து ஒப்பிடுவார்? வங்கியில் உள்ள இரண்டாவது ஏடு இங்கே இல்லை.

காகிதச் சீட்டு இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துவிடுகிறது. சீட்டில் பெயர் இல்லை. ஆனால் அதில் உள்ள குறியை வாக்காளர் தம் கண்ணால் பார்த்த பிறகே பெட்டியில் போடுகிறார். பெட்டியைப் பல கட்சியினரும் காவல் காக்கிறார்கள். இரகசியமும் காக்கப்படுகிறது, சான்றும் மிஞ்சுகிறது. பின்லாந்தின் இயந்திரத்தில் அப்படி எந்தக் காகிதச் சான்றும் இல்லை. 232 பேர் தொடங்கி முடிக்காமல் விட்டார்கள் என்பது மட்டும் பதிவேட்டில் தெரிந்தது. அவர்கள் யாருக்கு வாக்களிக்க எண்ணினார்கள் என்பதை எந்த அறிஞராலும் மீட்டெடுக்க இயலவில்லை.

திடீரென்று வந்த முடிவு

பின்லாந்தின் அனுபவம் தனித்த ஒன்றன்று. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் வேறு மூன்று நாடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. அந்த மூன்று நாடுகளிலும் பயன்பட்டது ஒரே வகை இயந்திரம். நெதர்லாந்து நாட்டின் நேடாப் என்ற நிறுவனம் செய்தது.

முதலாவது அயர்லாந்து. அங்கே வாக்கு எண்ணிக்கை ஒரு திருவிழாவைப் போன்றது. எண்ணும் மேசைகளுக்கு வெளியே தடுப்புக் கட்டையின் மேல் சாய்ந்தபடி கட்சிக்காரர்கள் நிற்பார்கள். சீட்டுகள் பிரிக்கப்படும்போதே ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துத் தம் தாள்களில் கோடு போட்டுக் கணக்கிடுவார்கள். அதிகாரி அறிவிப்பதற்குப் பல மணி நேரம் முன்பே முடிவு ஓரளவு தெரிந்துவிடும்.

2002-ஆம் ஆண்டு மே மாதப் பொதுத் தேர்தலில் மூன்று தொகுதிகளில் மட்டும் இயந்திரம் சோதனையாகப் பயன்படுத்தப்பட்டது. அவற்றில் ஒன்றான வட டப்ளின் தொகுதியில் முன்னாள் நீதி அமைச்சர் நோரா ஓவன் போட்டியிட்டார். எண்ணிக்கை என்பதே அங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று முடிவு அறிவிக்கப்பட்டது. பொது மேடையில், எல்லார் முன்னிலையிலும், எவ்வித முன்னறிவிப்பும் இன்றித் தம் தோல்வியை அவர் அறிய நேர்ந்தது. அந்தக் காட்சி அயர்லாந்து மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. எண்ணிக்கை தவறு என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் மக்கள் தாமே பார்த்து ஒப்புக்கொள்ளும் ஒரு படி அங்கே காணாமற் போயிருந்தது.

அரசு அதோடு நிற்கவில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் நாடு முழுவதும் இயந்திரத்தைப் பயன்படுத்த முடிவு செய்து, ஏறத்தாழ 7,500 இயந்திரங்களை வாங்கியது. எதிர்ப்பு வலுத்தது. கணிப்பொறி வல்லுநர்களே காகிதச் சான்று வேண்டும் என்று வற்புறுத்தினர். நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 2004 ஏப்ரல் இறுதியில் அறிக்கை தந்தது.

அந்த அறிக்கையின் கருத்து ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இயந்திரத்தில் தவறு இருக்கிறது என்று ஆணையம் கூறவில்லை. தவறு இல்லை என்று தன்னால் உறுதி கூற இயலவில்லை என்றே கூறியது. ஆதலால் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஜூன் மாதத் தேர்தல் பழையபடி பென்சிலும் காகிதமுமாக நடந்தது. 5 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட செலவில் வந்த இயந்திரங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் தூங்கின. கிடங்கு வாடகை வேறு. இறுதியில் 2012-இல் அவை பழைய இரும்புக் கணக்கில் சுமார் 70,000 யூரோவுக்கு விற்கப்பட்டன. அதாவது இயந்திரம் ஒன்றுக்கு 10 யூரோ கூடத் தேறவில்லை.

சதுரங்கம் ஆடிய வாக்கு இயந்திரம்

இரண்டாவது, இயந்திரத்தின் தாயகமான நெதர்லாந்து. அங்கே பெரும்பாலான மக்கள் பல ஆண்டுகளாக நேடாப் இயந்திரத்திலேயே வாக்களித்து வந்தனர். தலைநகர் ஆம்ஸ்டர்டாம் மட்டும் நெடுநாள் காகிதத்தோடு இருந்தது. 2006 மார்ச் மாத நகராட்சித் தேர்தலில் அங்கும் இயந்திரம் வந்தது. அது வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. அந்நகரில் வாழ்ந்த ரோப் கோங்ரைப் என்ற கணிப்பொறி வல்லுநருக்கு இது பிடிக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டியை நம்பி வாக்களிப்பது எப்படி என்று கேட்டு, நண்பர்களோடு சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்.

அவர்கள் நேடாப் இயந்திரம் ஒன்றைப் பெற்றுத் திறந்து பார்த்தனர். உள்ளே இருந்தது ஒரு சாதாரணக் கணிப்பொறி. அதன் செயல்முறைக் கட்டளைகள் கழற்றி மாற்றக்கூடிய சில்லுகளில் எழுதப்பட்டிருந்தன. சில்லுகளை மாற்ற ஓரிரு நிமிடங்கள் போதும். "இது வாக்கு எண்ணும் கருவி மட்டுமே, சதுரங்கமா ஆடப் போகிறது?" என்ற தொனியில் தயாரிப்பாளர் தரப்பில் பேசப்பட்டது. அவர்கள் சில்லுகளை மாற்றி, இயந்திரத்தை உண்மையிலேயே சதுரங்கம் ஆட வைத்துவிட்டனர்! சதுரங்கம் ஆடும் பொறி கணக்கையும் மாற்றிச் சொல்லும் அல்லவா? ஒருவருக்கு விழுந்த வாக்கை மற்றவருக்கு மாற்றிவிடும் சில்லையும் அவர்கள் செய்து காட்டினர். 2006 அக்டோபரில் நாட்டு மக்கள் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

வேறொரு குறையும் வெளிப்பட்டது. வீட்டில் மிக்ஸி ஓடும்போது வானொலிப் பெட்டி கரகரப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மின்னோட்டம் விரைவாக மாறும் எந்தக் கருவியும் சிறிதளவு வானொலி அலைகளை வெளியிடும். வாக்கு இயந்திரத்தின் திரையும் அப்படியே. ஒரு கட்சியின் பெயரில் மட்டும் மேலே குறியிட்ட எழுத்து ஒன்று இருந்தது. அந்தப் பெயர் திரையில் தோன்றும்போது வெளிவரும் அலை வேறுபட்டது. எட்ட நின்று, தக்க கருவியால் அந்த இரைச்சலைக் கேட்டே, உள்ளே இருப்பவர் அக்கட்சிக்கு வாக்களிக்கிறாரா என்று கூறிவிட முடிந்தது. வாக்கின் இரகசியம் காற்றில் பறந்தது என்பது இங்கே வெறும் உவமை அன்று, மெய்யாகவே நடந்தது.

ஆம்ஸ்டர்டாமில் பயன்பட்ட இயந்திரத்தில் இக்குறை இன்னும் மிகுதியாக இருந்ததால், 2006 நவம்பர் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் அது தடை செய்யப்பட்டது. 2008 மே மாதத்தில் நெதர்லாந்து அரசு எல்லா இயந்திரங்களையும் கைவிட்டு, சிவப்புப் பென்சிலுக்கும் காகிதத்துக்கும் திரும்ப முடிவு செய்தது.

இந்த இயந்திரங்களால் எந்தத் தேர்தலாவது களவாடப்பட்டதா? அப்படி மெய்ப்பிக்கப்படவில்லை. களவாடப்பட்டிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது என்பதே கவலைக்குரிய செய்தி.

நீதிமன்றத்தின் விடை

இப்போது மீண்டும் பின்லாந்துக்கு வருவோம். வாக்குகள் இழந்த செய்தி வெளிவந்ததும் மூன்று ஊர்களிலிருந்தும் முறையீடுகள் எழுந்தன. முதலில் ஹெல்சிங்கி நிர்வாக நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குச் சென்றது. 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேர்தல் நடைமுறை தவறியுள்ளது. அத்தவறு முடிவை மாற்றியிருக்கக் கூடும். எனவே மூன்று நகராட்சிகளிலும் மறுதேர்தல் நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2009 செப்டம்பரில் அவ்வூர் மக்கள் மறுபடியும் வாக்களித்தனர். இம்முறை காகிதச் சீட்டு மட்டுமே. அடுத்த ஆண்டே பின்லாந்து அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

இதற்கு ஒரு மாதம் முன்பு, 2009 மார்ச் 3-ஆம் நாள், நேடாப் இயந்திரத்தைப் பயன்படுத்திய மூன்றாவது நாடான ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றமும் ஒரு தீர்ப்பு வழங்கியது. அங்கே 2005 நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் இயந்திரத்தில் வாக்களித்திருந்தனர். வாக்களிப்பின் முக்கியமான படிகளையும் முடிவு கணிக்கப்படும் விதத்தையும் தனிப்பட்ட தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் நம்பகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அந்த இயந்திரங்களில் இதற்கு வழியில்லை. ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று முடிவு செய்தது. ஆனால் பிழை நேர்ந்ததற்குச் சான்று இல்லாததால் நடந்து முடிந்த தேர்தலை அது செல்லாததாக்கவில்லை.

அப்படியானால் வல்லுநர்கள் சோதித்துச் சான்று தந்தால் போதாதா? போதாது என்பதே இத்தீர்ப்பின் சாரம். மருத்துவரையும் பொறியாளரையும் நாம் நம்புகிறோம். ஆனால் தேர்தலில் அதிகாரம் கைமாறுகிறது. அதைச் சரிபார்க்கும் உரிமையைச் சிலரிடம் மட்டும் ஒப்படைத்துவிட இயலாது.

நம் நாட்டில்

இயந்திரத்தைப் பற்றிய இந்த விவாதம் நமக்குப் புதியதன்று. இந்தியாவில் முதன்முதலாக மின்னணு இயந்திரம் பயன்பட்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில். 84 சாவடிகளில் 50 சாவடிகளில் இயந்திரம் வைக்கப்பட்டது. வெற்றி வேறுபாடு 123 வாக்குகள். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதில் முன்பு தோற்றவர் வென்றார். பின்னர் 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் நாடு முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது.

நம் இயந்திரத்தின் அமைப்பு பின்லாந்தினுடையது போன்றதன்று. அது எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படாதது. பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரியும், 'பீப்' ஒலி கேட்கும். வாக்கு பதிவானதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறியலாம். ஆயினும் உள்ளே பதிந்தது எது என்ற கேள்வி இங்கும் எழுந்தது. நம்பிக்கைக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்று மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் சின்னம் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடிகள் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் குலுக்கல் முறையில் ஐந்து சாவடிகளைத் தேர்ந்தெடுத்துச் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள்.

ஐந்து போதுமா என்ற விவாதம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. இதற்கு அறிவியல் கூறும் விளக்கம் நம் பழமொழியிலேயே இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் அடிப்பிடித்த சோற்றை மேலாக எடுத்துப் பார்த்தால் தெரியாது. கிளறிவிட்டு எடுக்க வேண்டும். குலுக்கல் என்பது அந்தக் கிளறல். வேறுபாடு பல்லாயிரமாக இருந்தால் சிறிய மாதிரி போதும். நூறு, இருநூறு வாக்கில் முடிவு தொங்கும்போது பெரிய மாதிரி தேவை. உள்ளாட்சித் தேர்தல் போன்று நெருக்கமான போட்டியில் எல்லாச் சீட்டையுமே எண்ண வேண்டி வரலாம். வேறுபாட்டுக்கு ஏற்ப மாதிரியின் அளவைக் கணிக்கும் முறைகளைப் புள்ளியியல் அறிஞர்கள் வகுத்துள்ளனர்.

காகிதமே குறையற்றது என்றும் கூறிவிட முடியாது. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரை குத்திய காலத்தை நம் நாடு மறக்கவில்லை. செல்லாத வாக்குகள் மலிந்திருந்ததையும் பெரியவர்கள் அறிவார்கள். இயந்திரம் அவற்றைக் குறைத்தது உண்மை. ஆகவே இயந்திரமா, காகிதமா என்று கட்சி கட்டிக்கொண்டு வாதிடுவது பயன் தராது. பிழை நேர்ந்தால் அது வெளியே தெரியுமா, தெரிந்தால் திருத்த வழி உண்டா என்று கேட்பதே பொருத்தமானது.

தேர்தலில் வென்றவர் முடிவை நம்புவதில் வியப்பில்லை. தோற்றவரும், "நான் தோற்றேன், என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லி வீட்டுக்குப் போக முடிந்தால் அதுவே நல்ல தேர்தல். பின்லாந்தில் அந்த 232 பேரும் மறுதேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பைப் பெற்றார்கள். தொடங்கி முடிக்காத வாக்குகள் இத்தனை என்ற ஒரு கணக்காவது அங்கு மிஞ்சியிருந்ததால்தான் அது இயன்றது. அந்தக் கணக்கும் இல்லாத இடத்தில் இழப்பு நேர்ந்தால், இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.